எழும்பூர் கர்க்: தூய அந்திரேயா ஆலயத்தின் கட்டட வரலாறு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை எழும்பூரில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் தூய அந்திரேயா ஆலயத்தைக் காண வருவோர் பெரும்பாலும் ஒரே வகையான கேள்விகளையே எழுப்புகிறார்கள். இது லண்டன் கோயிலொன்றின் நகலா, கிணறுகளின்மேல் நிற்கிறது என்பது உண்மையா, தூண்கள் சலவைக்கல்லா, உள்ளே ஏன் நீல வானம் என்பவை அவற்றுள் சில. இக்கேள்விகளுக்கும் இவற்றோடு சேர்ந்து எழும் வேறு சிலவற்றுக்குமான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. வழிபாட்டு நேரங்கள் போன்ற நடைமுறைச் செய்திகள் இதில் இடம்பெறவில்லை. பேச்சு முழுவதும் கட்டடத்தைப் பற்றியதே.

இந்த ஆலயம் எப்போது, யாருக்காகக் கட்டப்பட்டது?

சென்னப்பட்டணத்தில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய ஆலயம் இது. 1818 ஏப்ரல் 6 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 1821 பிப்ரவரி 25 அன்று வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. இவ்வளவு பெரிய கட்டடம், அதுவும் சதுப்பான நிலத்தில், மூன்றே ஆண்டுகளுக்குள் எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். செலவு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். அடிக்கல் நாட்டிய அதே 1818ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தின் கணக்குகள் வராகனிலிருந்து ரூபாய்க்கு மாறின. ஆகவே ரூபாயில் கணக்கெழுதப்பட்ட முதல் பெரிய கட்டடங்களுள் ஒன்றாகவும் இதைக் கருதலாம்.

'கர்க்' என்ற பெயர் எப்படி வந்தது? 'பிரெஸ்பிட்டேரியன்' என்றால் என்ன?

ஸ்காட்லாந்து மொழியில் 'கர்க்' என்றாலே தேவாலயம்தான். ஊரார் அதையே இக்கட்டடத்தின் பெயராக்கிக்கொண்டார்கள்.

பிரெஸ்பிட்டேரியன் என்பது ஸ்காட்லாந்துச் சபை பின்பற்றும் ஆளுகை முறையைக் குறிக்கும் சொல். இங்கிலாந்துத் திருச்சபையைப் போலப் பேராயர்களின் கீழ் அமையாமல், ஆயரும் மூப்பர்களும் கூடி நடத்துகிற சபை இது. 16ஆம் நூற்றாண்டில் ஜான் நாக்ஸ் முன்னின்ற சீர்திருத்தத்திலிருந்து வளர்ந்த இந்த மரபில் வழிபாட்டின் நடுநாயகம் பலிபீடம் அன்று, திருவசனமும் அதன்மேல் நிகழும் பிரசங்கமுமே. இந்தச் செய்தி கட்டடக்கலைக்கு அப்பாற்பட்டதாகத் தோன்றலாம். ஆனால் கர்க்கின் தரைப்பட வடிவத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை.

சென்னையில் ஏற்கெனவே ஆங்கிலேயரின் ஆலயங்கள் இருந்தபோது தனி ஆலயம் எதற்கு?

கோட்டைக்குள் புனித மேரி ஆலயம் 1680 முதல் இருந்தது. தேனாம்பேட்டைப் பக்கம் புனித ஜார்ஜ் ஆலயம் 1815இல் கட்டி முடிக்கப்பட்டது. இரண்டும் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவை. கம்பெனியின் படையிலும் வணிகத்திலும் நிர்வாகத்திலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் மிகுதியாக இருந்தார்கள். அவர்களுடைய சபையும் பிரிட்டனில் சட்டப்படி நிலைபெற்ற சபையே. 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின் வழியாகக் கல்கத்தாவுக்குப் பேராயர் நியமிக்கப்பட்டதையொட்டி, ஸ்காட்லாந்துச் சபைக்கும் மூன்று மாகாணத் தலைநகரங்களில் ஆயர்களும் ஆலயங்களும் வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்பட்டது. அதன் விளைவாகக் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் அந்திரேயாவின் பெயரிலேயே ஆலயங்கள் எழுந்தன. அந்திரேயா ஸ்காட்லாந்தின் காவல் புனிதர் என்பதால் பெயருக்காக யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே போட்டியும் ஓரளவு இருந்தது. கல்கத்தாவில் ஸ்காட்லாந்து ஆலயத்துக்கு ஊசிக்கோபுரம் வைப்பதைப் பேராயர் மிடில்டன் விரும்பவில்லை என்றும், ஆயர் ஜேம்ஸ் பிரைஸ் பிடிவாதமாக அதை எழுப்பியே தீர்ந்தார் என்றும் ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. சென்னைக் கர்க்கின் கோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் கதை நினைவுக்கு வராமல் போகாது. ஆலயம் திறந்த ஆண்டில் சென்னையின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவும் கிளாஸ்கோவில் பிறந்தவரே.

இது லண்டனிலுள்ள ஓர் ஆலயத்தின் நகல் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. முகப்பைப் பொறுத்தவரை, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் ஓரத்தில் 1720களில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டிய செயின்ட் மார்ட்டின் ஆலயமே முன்மாதிரி. கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண் மண்டபம், அதன்மேல் முக்கோண முகடு, அந்த முகட்டுக்குப் பின்னால் கூரையைப் பிளந்துகொண்டு எழுவதுபோல் ஊசிக்கோபுரம் என்னும் அமைப்பு கிப்ஸின் கண்டுபிடிப்பு என்றே சொல்லலாம். அன்றைய விமரிசகர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கோபுரம் தரையிலிருந்து எழாமல் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று குறைபட்டார்கள். ஆயினும் அமெரிக்கா முதல் இந்தியா வரை ஆங்கிலேயர் குடியேறிய இடங்களிலெல்லாம் அந்த வடிவமே பரவியது. அதற்குக் காரணம் கிப்ஸ் 1728இல் தம் வரைபடங்களைத் தொகுத்து அச்சிட்டு வெளியிட்டதுதான். தொலைதூரத்தில் கட்டடக்கலைஞர் எவரும் இல்லாத ஊரில், படைப்பிரிவின் பொறியாளர் ஒருவர் அந்தப் பக்கங்களை விரித்துவைத்துக்கொண்டு அளவுகளைப் பெயர்த்தெழுத முடிந்தது.

மற்றப் பாதிதான் சுவையானது. செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் உட்புறம் நீண்ட செவ்வகம். கர்க்கின் உட்புறமோ வட்டம். கிப்ஸ் செயின்ட் மார்ட்டினுக்காக முதலில் வரைந்து கொடுத்தது வட்ட வடிவ ஆலயத்தைத்தான்; செலவு கூடுதலாகும் என்று கட்டடக் குழுவினர் அதை ஒதுக்கிவிட்டார்கள். மனம் தளராத கிப்ஸ், கட்டப்பட்ட செவ்வக வடிவத்தோடு கட்டப்படாத வட்ட வடிவத்தையும் அதே தொகுப்பில் வெளியிட்டுவைத்தார். எழும்பூரில் நிற்பது லண்டனின் நகல் என்பதைவிட, லண்டன் வேண்டாம் என்று தள்ளிய வரைபடத்தின் உடன்பிறப்பு என்பதே பொருத்தம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. செயின்ட் மார்ட்டினின் முகப்புத் தூண்கள் இலைக்கொத்து போன்ற தலைப்பகுதி கொண்ட கொரிந்திய வகையைச் சேர்ந்தவை. கர்க்கின் முகப்புத் தூண்கள் ஆட்டுக்கடாக் கொம்புபோல இருபுறமும் சுருண்ட தலைப்பகுதி கொண்ட அயோனிய வகையைச் சேர்ந்தவை. கொரிந்தியத் தூண்களைக் காண வேண்டுமானால் உள்ளே செல்ல வேண்டும்.

வட்ட வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது அழகுக்காக மட்டுந்தானா?

இல்லை. மேலே கூறியதுபோல இந்தச் சபையினருக்குப் பிரசங்கம்தான் வழிபாட்டின் உயிர். நீண்ட செவ்வக ஆலயத்தில் கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கு ஆயரின் முகம் தெரியாது, குரலும் தேய்ந்துபோகும். வட்டத்திலோ எவரும் மிகத் தொலைவில் இல்லை. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவிலேயே, ஜார்ஜ் தெருவில் 1784இல் நீள்வட்ட வடிவில் ஓர் ஆலயம் கட்டப்பட்டிருந்தது. அதன் பெயரும் தூய அந்திரேயா ஆலயமே. அதை வடிவமைத்தவரும் ஆண்ட்ரூ ஃப்ரேசர் என்ற படைப் பொறியாளரே. சென்னையில் வட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிப்ஸின் வரைபடம் மட்டுமல்லாமல் தம் சபையின் வழக்கமும் துணை நின்றது என்று கொள்வதில் தவறில்லை.

கர்க்கின் நடுப்பகுதி ஏறத்தாழ 80 அடி விட்டமுள்ள வட்டம். அதன் மேற்கிலும் கிழக்கிலும் செவ்வகப் பகுதிகள் ஒட்டியிருக்கின்றன. மேற்கிலுள்ளது வாயில் மண்டபமும் அதன்மேல் கோபுரமும். கிழக்கிலுள்ளது திருவிருந்து மேசை அமைந்த பகுதி.

கட்டியவர் யார்?

சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த மேஜர் தாமஸ் ஃபியட் டி ஹாவிலாண்ட். அவர் ஸ்காட்லாந்துக்காரர் அல்லர். பிரான்சின் கரையருகேயுள்ள கெர்ன்சி தீவில் 1775இல் பிறந்தவர். மூத்த பொறியாளரான ஜேம்ஸ் கால்டுவெலின் பெயரும் இவரோடு சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. புனித ஜார்ஜ் ஆலயத்தைக் கட்டியவர்களும் இந்த இருவரே.

செங்கல்லையும் சுண்ணாம்பையும் எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்பதில் டி ஹாவிலாண்டுக்குத் தீராத ஆர்வம் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 100 அடிக்கும் மேற்பட்ட அகலமுள்ள ஒரே செங்கல் வளைவை அவர் கட்டிக்காட்டினார். காவிரியின் குறுக்கே இப்படிச் சில வளைவுகளைப் போட்டாலே பாலம் ஆகிவிடும் என்று மெய்ப்பிப்பதற்காகவே அதைக் கட்டினார் என்பார்கள். பாலம் எதையும் தாங்காமல் தனியே நின்ற அந்த வளைவு 1937இல்தான் விழுந்தது. கர்க்கின் குவிமாடத்தைப் பார்க்கும்போது, அதைத் துணிந்து எழுப்பியவர் இந்த வளைவைக் கட்டியவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆலயம் கிணறுகளின்மேல் நிற்கிறது என்பது உண்மையா? அது எப்படிச் சாத்தியம்?

உண்மைதான். அடித்தளத்தில் 150 கிணறுகள் இறக்கப்பட்டன. அவற்றின் ஆழம் 14 அடியிலிருந்து 50 அடி வரை வேறுபடுகிறது. கூவத்தை அடுத்த இந்த நிலம் அன்று சதுப்பாக இருந்தது. அகழியைத் தோண்டிச் செங்கல் அடுக்கினால் அது சேற்றில் அமிழும். ஒரே சீராக அமிழ்ந்தாலாவது பரவாயில்லை, சுவரின் ஒரு பக்கம் ஒரு அங்குலமும் மறுபக்கம் மூன்று அங்குலமும் இறங்கினால் கட்டடம் வெடித்துப் பிளந்துவிடும். கர்க்கில் இந்த ஆபத்து இரட்டிப்பு. மேற்கில் 50 மீட்டர் கோபுரத்தின் பாரம் முழுவதும் சிறியதோர் இடத்தில் குவிகிறது. அதையொட்டி அகன்ற வட்டக் கூடத்தின் பாரமோ பரவலாக இறங்குகிறது. கனத்த பகுதியும் இலேசான பகுதியும் ஒட்டி நிற்கும் கட்டடங்களில் முதல் விரிசல் விழும் இடம் அந்த ஒட்டுதான்.

தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்குக் கிணற்று அடித்தளத்தை விளக்குவது எளிது, ஏனென்றால் நமக்கு உறைக்கிணறு தெரியும். சுட்டமண்ணால் வளையங்கள் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கும் அந்த முறையைக் கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழ்ந்தெடுத்த உறைகளில் காணலாம். கட்டட அடித்தளத்துக்கும் செய்முறை அதேதான். முதல் உறையைத் தரையில் வைத்து, ஆள் உள்ளே இறங்கி அதன் அடியிலிருந்து மண்ணை வாரி வெளியேற்றுவார். வாரவார உறை தன் எடையாலேயே கீழிறங்கும். இறங்கிய அளவுக்கு மேலே அடுத்த உறையை ஏற்றுவார்கள். ஊறிவரும் தண்ணீரை இறைத்துக்கொண்டே, உறுதியான அடுக்கைத் தொடும் வரை இதைத் தொடர வேண்டும். வேறுபாடு அதன்பிறகுதான்: குடிநீருக்கான கிணற்றை வெறுமையாக விடுவோம், அடித்தளக் கிணற்றைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இட்டு நிரப்பித் தூணாக்கிவிடுவார்கள். பிறகு அவற்றின் தலைகளை இணைத்து மேலே சுவரை எழுப்ப வேண்டும்.

ஆழங்கள் ஒன்றுபோல் இல்லாதது இந்த வேலையின் இயல்பையே காட்டுகிறது. வரைபடத்தில் ஓர் ஆழத்தை எழுதிவைத்து அதன்படி தோண்டவில்லை. ஒவ்வொரு கிணற்றிலும் மண் சொன்ன இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கிப்ஸின் தொகுப்பில் இதற்கெல்லாம் பக்கம் கிடையாது. கோபுரத்தையும் தூண்களையும் பார்த்து வியப்பவர்கள், கண்ணுக்குத் தெரியாமல் 50 அடிக்குக் கீழே, மூச்சு முட்டும் உறைக்குள் குந்தியிருந்து சேற்றை வாரிக் கூடையில் நிரப்பிய உழைப்பாளிகளை நினைப்பதில்லை. கட்டடம் இரு நூற்றாண்டுகளாக நிமிர்ந்து நிற்பதற்கு முதற்காரணம் அவர்கள்தான் என்பது என் கருத்து.

குவிமாடம் எப்படித் தாங்கப்படுகிறது?

குவிமாடத்தின் விட்டம் 51.5 அடி. மரச் சட்டமோ இரும்புச் சட்டமோ வைத்து மேலே பூச்சுப் பூசிய போலிக் கூரை அன்று, முழுவதும் கட்டுவேலை. செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் உட்கூரை அழகான சுதைப் பூச்சு என்றாலும் அதன்மேல் உள்ளது மரக்கூரையே. சென்னையில் மரத்தை நம்பிப் பெரிய கூரை போடுவதென்றால் கறையானுக்குப் பதில் சொல்ல வேண்டும். கட்டுவேலைக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் கட்டுவேலைக் குவிமாடம் சும்மா உட்கார்ந்திருக்காது. தன் விளிம்பை எப்போதும் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். கர்க்கின் குவிமாடம் உயரம் குறைந்தது, கவிழ்த்த தட்டுபோலத் தாழ்வானது. தாழ்வாக ஆக ஆக அந்தத் தள்ளுவிசை கூடும். இதற்கு டி ஹாவிலாண்ட் கண்ட வழி வளையம். இழை இழையாகப் பள்ளக்கோடுகள் வெட்டிய 16 கொரிந்தியத் தூண்கள் வட்டமாக நிற்கின்றன. அவற்றின்மேல் வட்டமாகச் சுற்றிவரும் வளைவு குவிமாடத்தின் பாரத்தை ஏற்கிறது. தூண் வட்டத்துக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஒரு சுற்றுப்பாதை கிடைக்கிறது. பிரகாரம் என்று சொன்னால் நம்மவர்களுக்கு உடனே விளங்கும். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் அகலம் ஏறத்தாழ 14 அடி, தூணுக்குத் தூண் இடைவெளி ஏறத்தாழ 10 அடி வருகிறது. குவிமாடம் தள்ளுகிற விசை இந்தச் சுற்றுப்பாதையின் கூரை வழியாக வெளிச்சுவரை அடைகிறது. வட்டச் சுவரில் மூலை என்று பலவீனமான இடம் ஏதும் கிடையாது. எல்லாப் பக்கமும் சமமாக முட்டுக்கொடுக்கிறது. பிரசங்கம் கேட்பதற்காகத் தேர்ந்தெடுத்த வட்டம், குவிமாடத்தைத் தாங்குவதற்கும் ஏற்றதாக அமைந்துவிட்டது.

குவிமாடத்தின் உட்புறம் ஏன் நீலமாக இருக்கிறது?

ஆழ்ந்த நீலப் பின்னணியில் பொன்னிற விண்மீன்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. அந்த நீலம் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லைப் பொடித்துச் செய்ததென்றும், விண்மீன்களின் அமைப்பு ஸ்காட்லாந்தின் இரவு வானத்தைக் காட்டுகிறதென்றும் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். இரண்டாவது செய்தி உண்மையோ இல்லையோ, ஏப்ரல் வெயிலில் வியர்த்துக்கொண்டு அமர்ந்திருந்த அபர்தீன்காரர் ஒருவர் தலை நிமிர்ந்து பார்க்கையில் தம் ஊர் வானத்தை அதில் கண்டிருப்பார் என்று நம்புவதில் தடையில்லை.

தூண்கள் சலவைக்கல்லால் ஆனவையா?

அல்ல. முதல் பார்வையில் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 'மெட்ராஸ் சுனாம்' என்று ஆங்கிலேயர் வியந்து எழுதிய நம் சுண்ணாம்புப் பூச்சு அது. 'சுனாம்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் 'சுண்ண'த்திலிருந்து போனதுதான்.

கல்சுண்ணாம்பைவிடக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் இதற்குச் சிறந்தது. கடற்கரையிலும் காயல்களிலும் சேகரித்த கிளிஞ்சல்களைக் கழுவி, காளவாயில் கரி அடுக்கிச் சுட்டு, நீர் தெளித்து நீற்றிச் சலித்தெடுப்பார்கள். அடிப்பூச்சுக்கு மணல் கலந்த சாந்து. அதை அரைத்துப் புளிக்கவிடும்போது வெல்லமும் கடுக்காய் ஊறிய நீரும் சேர்ப்பது கொத்தனார் வழக்கம். ஒவ்வொரு பூச்சிலும் மணல் குறைந்துகொண்டே வந்து, கடைசிப் பூச்சில் வெண்ணெய்போல் அரைத்த சுண்ணாம்பு மட்டுமே மிஞ்சும்; அதில் முட்டையின் வெள்ளைக் கருவும் தயிரும் நெய்யும் சேர்த்துக் குழைப்பதுண்டு. பிறகுதான் உண்மையான வேலை. பூச்சின் ஈரம் முழுவதும் போவதற்குள் வழவழப்பான கூழாங்கல்லை வைத்துத் தேய்க்கத் தொடங்கி, வியர்த்து வெளிவரும் நீரைத் துணியால் ஒற்றிக்கொண்டே மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் முகம் பார்க்கலாம் என்பது வெறும் உயர்வு நவிற்சி அன்று. பள்ளக்கோடு வெட்டிய வளைந்த தூணில் இதைச் செய்வது தட்டையான சுவரில் செய்வதைவிடப் பன்மடங்கு கடினம். தூணின் ஒரு பள்ளத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். பாத்திரத்தைப் போன்ற அந்தக் குளுமையும் வழுக்கலும் கல்லுக்கு வராது.

குவிமாடத்தால் எதிரொலி உண்டாகாதா?

உண்டாகும். குழிந்த பரப்புகள் ஒலியைச் சிதறவிடாமல் ஓரிடத்தில் குவிக்கும். மெருகேற்றிய சுண்ணாம்போ ஒலியைச் சிறிதும் உறிஞ்சாது. சொற்களைத் தெளிவாகக் கேட்பதற்காக வட்டத்தைத் தேர்ந்துவிட்டு அதன்மேல் குவிமாடத்தைக் கவிழ்த்தது, கையிலிருந்த நன்மையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்ததற்குச் சமம். ஆலயம் நிறைந்திருக்கும்போது மக்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால் இந்தக் குறை தணிகிறது. வெறுமையாக இருக்கும்போது மெல்ல இருமினாலும் கூடம் அதைத் திருப்பிச் சொல்லும். பாட்டுக்கும் ஆர்கனுக்கும் இதே எதிரொலி வாழ்வளிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முகப்பில் உள்ள சின்னம் எதைக் குறிக்கிறது?

முகப்பு முக்கோணத்தில் காணப்படுவது கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். அதோடுள்ள லத்தீன் வாசகத்துக்கு 'இங்கிலாந்து அரசர், நாடாளுமன்றம் ஆகியோரின் ஆதரவில்' என்பது பொருள். வழிபாட்டிடத்தின் நெற்றியில் வணிகக் கம்பெனி ஒன்றின் முத்திரையா என்று இன்று நெருடலாம். கட்டச் சொன்னதும் பணம் கொடுத்ததும் கம்பெனிதான் என்பதால் அன்று யாருக்கும் அது விந்தையாகப் பட்டிருக்காது.

ஆர்கனும் வண்ணக் கண்ணாடிகளும் தொடக்கத்திலிருந்தே உள்ளவையா?

இல்லை. இங்கே நுழைபவர் முதலில் காண்பது கிழக்கில் பச்சையும் பொன்னுமாக நிற்கும் குழல் ஆர்கன். அது இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில் பீட்டர் கொனாக்கர் நிறுவனம் செய்து, 1883இல் இங்கே நிறுவப்பட்டது. 1821இல் இந்த ஆலயத்தில் ஆர்கன் இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்பதற்குக் காரணம் பணமோ தொலைவோ அன்று, கொள்கை. ஸ்காட்லாந்துச் சபையில் பைபிளின் சங்கீதப் பாடல்களைக் கருவியிசை இல்லாமல் குரலால் மட்டுமே பாடும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. ஆர்கன் வைக்கலாமா கூடாதா என்ற வழக்கு எடின்பரோவிலேயே 1860களில்தான் ஒரு முடிவுக்கு வந்தது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஆகவே கர்க்கின் கிழக்குப் பகுதியில் இன்று காணும் அழகு, கட்டடத்துக்கு இரண்டு தலைமுறை இளையது. டி ஹாவிலாண்ட் விட்டுச்சென்ற கூடம் இதைவிட வெறுமையாகவும் வெண்மையாகவும் இருந்திருக்கும்.

இந்த ஆலயத்துக்கும் சென்னை கிறித்துவக் கல்லூரிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கர்க்கின் ஆயர்களாக இருந்த ஜார்ஜ் லாரியும் மேத்யூ போவியும் 1835இல் எழும்பூரில் தொடங்கிய தூய அந்திரேயா பள்ளியே அதன் வேர். 1837இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் அப்பள்ளியின் பொறுப்பை ஏற்று வளர்த்தார். அது பின்னர் கல்லூரியாகி, 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது.

இத்தனை பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஒரே சொல்லில் சொன்னால், சிமென்ட். சுண்ணாம்பால் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. மழைக்காலத்தில் குடித்த நீரைக் கோடையில் மெல்ல உமிழ்ந்துவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் வாயை அடைத்ததுபோல் ஆகிவிடுகிறது. நீர் பூச்சுக்குப் பின்னாலேயே தங்கி, உப்பாகப் பூத்து, செங்கல்லை அரித்துத் தூளாக்கும். வெளியே சுவர் உறுதியாகத் தெரியும்போதே உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கும். நகரத்தின் பழைய வீடுகள் பலவற்றில் அப்படிக் கொப்பளித்து நிற்கும் சுவர்களைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். ஓட்டை மண்பானையின் ஓசைதான் வரும். சுண்ணாம்புக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பே மருந்து. அதற்கு நாளாகும், கைத்தேர்ச்சி வேண்டும், செலவும் கூடும். வண்ணம் தீட்டுவதிலும் இதே எச்சரிக்கை தேவை. பிளாஸ்டிக் கலந்த பெயிண்ட் சிமென்ட்டைப் போலவே சுவரை மூச்சடைக்கச் செய்யும்.

நேரில் பார்க்கப் போகிறவர்கள் எங்கே நின்று பார்க்க வேண்டும்?

முதலில் மேற்கு வாயிலுக்கு நேரெதிரே, முகப்பும் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்தில். அங்கிருந்து பார்த்தால் உள்ளே வட்டக் கூடம் இருப்பது தெரியாது; வழக்கமான நீள ஆலயம் என்றே தோன்றும். பிறகு பக்கவாட்டில் நடந்து, சுவர் மெல்ல வளையத் தொடங்குவதைக் கவனியுங்கள். அதன்பின் உள்ளே சென்று, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட தரையில் குவிமாடத்தின் சரியான நடுவிடத்தைத் தேடி நின்று, கழுத்து வலிக்கும் வரை மேலே பாருங்கள். வழிபாடு நடக்காத காலைநேரம் உகந்தது. கிழக்குச் சாளரங்களின் நிறம் அப்போதுதான் தரையில் விழும். எழும்பூர் ரயில் நிலையத்தின் சந்தடி அருகிலேயே இருந்தாலும், ஒருமுறை கைதட்டினால் குவிமாடம் தரும் விடை தெளிவாகக் கேட்கும். கைதட்டும் முன் அங்குள்ள பணியாளரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.